கடலுக்குப் போன கறுப்புப் பொட்டு

அண்டைக்குக் காலமை எங்கட சாப்பாட்டு மேசையில, இடியப்பத் தட்டுக்கும் சொதிச் சட்டிக்கும் பக்கத்தில, மஞ்சளா ஒரு குழந்தை படுத்திருந்துது.

உண்மையான குழந்தை இல்லை. மருமகள் தர்சினி வேலை செய்யிற இடத்துச் சாமான். என்ர முழங்கை நீளம். மஞ்சள் உடம்பு, தலையில கறுப்புத் தொப்பி. வெளிநாட்டில இருந்து பெட்டிக்குள்ள பஞ்சு சுத்தி வந்ததாம். ரெண்டு வந்தது. ஒண்டைப் பெட்டியில வைச்சு டேப் ஒட்டியாச்சு. மற்றது இது. அண்டைக்கே ரெண்டையும் கடலுக்குள்ள இறக்க வேணும்.

தர்சினி குளிக்கப் போறதுக்கு முதல் எனக்கு நேரா விரலைக் காட்டினவள்.

"மாமி, உதில கை வைக்கக் கூடாது."

"எனக்கென்ன விசரே? நான் ஏன் வைக்கிறன்?" எண்டன்.

குளியலறைக் கதவு சாத்தினது, தண்ணி விழுந்தது, நான் எழும்பினது, மூண்டும் ஒரே நேரம்.

பேப்பரில வந்த என்ர போன கிழமைக் கதையைப் படிச்சிட்டு தெகிவளையில இருந்து ஒரு மனிசி கோல் எடுத்தவ. லிப்டுக்குள்ள கபரகொயா, அது தான் பெரிய உடும்பு மாதிரி ஒண்டு, முட்டை போட்டிருக்கு எண்டு சொல்லி எங்கட மாடி முழுக்கப் படியால ஏத்தினன் எல்லோ, அந்தக் கதை. "உங்கட வாயில எப்பவாவது உண்மை வருமோ?" எண்டு கேட்டவ. வரும். ஒருக்கா வந்தது. வந்த நாளில ஒரு சீவனும் நம்பேல்ல. அதைத்தான் இந்தக் கிழமை சொல்லப் போறன்.

கடல் பொய் சொல்லுதோ எண்டு பாக்கிறவள்

முதல் தர்சினின்ர வேலையைச் சொல்ல வேணும். எனக்கு விளங்க ரெண்டு வருசம் எடுத்தது. நான் படிச்சது மூண்டாம் வகுப்பு. அதிலயும் பாதி நாள் ரீச்சருக்குத் தேத்தண்ணி வாங்கப் போனனான்.

கடலுக்குள்ள வெளிச்சம் எவ்வளவு போகுது எண்டு அளக்கிறது தான் அந்த மஞ்சள் சாமான்ர வேலை. "வெளிச்சத்தை அளந்து என்னத்துக்கு? புடவையே?" எண்டு கேட்டனான். வெளிச்சம் போனாத்தான் தண்ணிக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி வளருமாம். பாசி இருந்தாத்தான் சின்ன மீன். சின்ன மீன் இருந்தாத்தான் பெரிய மீன். அப்ப என்ர அறக்குளா மீன் துண்டுக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கெண்டு விளங்கின பிறகு தான் நான் கதிரையை இழுத்துப் போட்டு வடிவாக் கேக்கத் தொடங்கினது.

மேல ஒரு மிதவை. அதில இருந்து கீழ கயிறு. கயிற்றில சாமான். மிதவை தன்ர பாட்டில நம்பரை எல்லாம் கரைக்கு அனுப்பும், போன் எடுக்கிற மாதிரி. என்ர மகனை விட ஒழுங்கா எடுக்கும்.

வாற நம்பர் எல்லாம் உண்மையோ எண்டு பாக்கிறது தர்சினி. அதாவது கடல் பொய் சொல்லுதோ எண்டு பாக்கிறதுக்கு ஒரு பொம்பிளைக்குச் சம்பளம். என்னட்டைக் கேட்டிருந்தா, புருசன் சொல்லுறதைப் பாக்கிறதுக்கும் ஒரு ஆளைப் போடச் சொல்லியிருப்பன்.

கம்பியூட்டரில பாத்தா ஒவ்வொரு நாளும் ஒரு மலை. விடிய தரையில தொடங்கும். மத்தியானம் உச்சி. பின்னேரம் திரும்பத் தரை. முகில் வந்தா மலையில ஒரு கடி. வள்ளம் ஒண்டு மேல நிண்டா இன்னொரு கடி. ராவில பேசாமத் தரையோட படுத்திருக்க வேணும். ராவிலயும் வெளிச்சம் தெரியுது எண்டு சொன்னா, சாமானுக்கு உள்ளுக்குள்ள விசர் எண்டு அர்த்தம்.

இதை எல்லாம் பாத்து அவள் ஒவ்வொண்டுக்கும் ஒரு நம்பர் போடுவாள். ஒண்டு எண்டா நல்லது. ரெண்டு எண்டா நல்லது போலத்தான் இருக்கு, ஆனா ஒரு கண் வைச்சிரு. மூண்டு எண்டா பிழை போல, திருத்தினாச் சில நேரம் சரிவரும். நாலு எண்டா குப்பை.

இது எனக்கு நல்லாப் பிடிச்சுப் போச்சு. அண்டைக்குத் தொடக்கம் எங்கட மாடியில எல்லாருக்கும் நான் நம்பர் போட்டனான். லிப்டுக்கு நாலு. எதிர் வீட்டு ரீச்சருக்கு ரெண்டு. என்ர மகனுக்கும் ரெண்டு, பெத்தது நான் எண்டதால. கோயில் ஐயருக்கு முதல் ஒண்டு தான் போட்டது, மோதகத்தை எண்ணித் தரத் தொடங்கின பிறகு மூண்டு. என்ர மனிசனுக்கும் மூண்டு. முப்பது வருசம் திருத்திப் பாத்தன். மேல போயிட்டார்.

நெத்தி எண்டு நினைச்சன்

திரும்பச் சாப்பாட்டு மேசைக்கு வாங்கோ. தண்ணி இன்னும் விழுந்து கொண்டு தான் இருக்கு.

எங்கட வீட்டுக்குப் புதுசா ஒரு சாமான் வந்தா நான் பொட்டு வைக்காம விடுறதில்லை. பிறிஜ்ஜுக்கு இருக்கு. மகன்ர காருக்கு இருக்கு. வைபை பெட்டிக்கும் இருக்கு. அதுக்கு வைச்ச பிறகு தான் பக்கத்து வீட்டார் பாஸ்வேர்ட் கேக்கிறதை விட்டவை.

மை கடையில வாங்கினதில்லை. நானே செய்யிறது. ஆமணக்கெண்ணெய் விளக்குக்கு மேல மண்சட்டியைக் கவிழ்த்து, புகைக்கரியை வழிச்செடுத்து, நெய்யும் ஒரு துளி கர்ப்பூரமும் போட்டுக் குழைக்க வேணும். கடைசித் தரம் செய்யேக்க புகைக்கு அடிக்கிற மணி அடிச்சு, செக்யூரிட்டி தண்ணி வாளியோட ஓடி வந்தவன். அந்த மை தண்ணிக்குப் போகாது. சவுக்காரத்துக்கும் போகாது. தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைச்சாத்தான் போகும். என்ர மகன்ர கலியாணப் படத்தில காதடியில ஒரு கறுப்பு இருக்கு, பாருங்கோ. அது மச்சம் இல்லை.

இது கடலுக்குப் போற பிள்ளை. எத்தினை கண் படும்? துறைமுகத்தார், மீன்காரர், கப்பல்காரர். வெறும் முகத்தோட என்னண்டு அனுப்புறது?

தொப்பியைத் திருகிக் கழட்டினன். உள்ளுக்குள்ள வெள்ளையா, வட்டமா, ஒரு பெரிய காய்ச்சல் குளிசை அளவில ஒண்டு. சுத்திப் பாத்தன். கீழ ஒரு பக்கத்தில சின்ன லைற் ஒண்டு மினுங்குது. அப்ப அது கண். இது நெத்தி. நல்ல பொட்டா ஒண்டு வைச்சன். தொப்பியைத் திருப்பிப் போட்டு இறுக்கித் திருகினன்.

மற்றவனுக்கும் வைப்பம் எண்டு பாத்தா டேப். டேப்பைக் கழட்டினாப் பிடிபட்டிடுவன். விட்டிட்டன்.

தர்சினி தலை துவட்டிக் கொண்டு வந்தாள். மேசையைப் பாத்தாள். என்னைப் பாத்தாள்.

"மாமி?"

"சம்பல் கொஞ்சம் உறைப்பு, பிள்ளை" எண்டன்.

வளர்ந்து கொண்டு போன மலை

சாமானைக் கடலுக்குள்ள கட்டுறது செபா. முழுப் பேர் செபஸ்ரியான். கொட்டாஞ்சேனை ஆள், மாதா கோயிலுக்குப் போற வேதக்காரன், ஐம்பது வயசு இருக்கும். சுழியோடி. கீழ போய்ச் சாமானைக் கயிற்றில கட்டி, தண்ணிக்குள்ள வைச்சே தொப்பியைக் கழட்டி, வெள்ளை வட்டத்தை ஒருக்காத் துணியால துடைச்சிட்டு மேல வாறது அவன்ர வேலை.

ரெண்டும் இறங்கினது. ரெண்டாம் கிழமை ஒண்டின்ர கயிற்றை ஏதோ ஒரு மீன்பிடிப் போட் அறுத்துக் கொண்டு போட்டுது. போனது போனது தான்.

எது போனது எண்டு கேட்டனான். டேப் ஒட்டின பெட்டியில இருந்ததாம். பொட்டில்லாமப் போனது எல்லோ. சொல்லுறதுக்கு என்ன இருக்கு?

இப்ப மிச்சம் ஒண்டே ஒண்டு. கடல் அடங்கி இருக்கிற மாதங்கள் முழுக்க அது சொல்லுறதை நம்பித்தான் இவையின்ர வேலை. அது தான் இப்ப ஒரு கூத்துக் காட்டத் தொடங்கினது.

"மாமி, இஞ்ச பாருங்கோ" எண்டு தர்சினி என்னைக் கூப்பிட்டாள். நான் முகிலை நல்லாப் பிடிப்பன் எண்டு அவளுக்கு ஒரு நினைப்பு. எதைக் காட்டினாலும் நான் முகில் எண்டு தான் சொல்லுறது. பத்துக்கு ஆறு சரிவரும்.

"முகில்" எண்டன்.

"இல்லை. மலையின்ர உயரத்தைப் பாருங்கோ. முதல் நாள் இவ்வளவு. ஒரு கிழமையால இவ்வளவு. இப்ப இவ்வளவு. வளருது."

"வளரட்டும். கடலில நல்ல சாப்பாடு தானே."

"வளரக் கூடாது மாமி! கடலுக்குள்ள வைச்ச எந்தச் சாமானிலயும் நாள் போகப் போகப் பாசி பிடிக்கும், ஊத்தை பிடிக்கும், வெளிச்சம் குறையும். உலகத்தில எல்லாற்ற சாமானும் ஊத்தையாப் போகுது. எங்கட ஒண்டு மட்டும் நாளுக்கு நாள் துப்பரவாகுது."

நான் தண்ணிப் போத்தலைத் தேடினன்.

"தண்ணி தெளிஞ்சிருக்கலாம்" எண்டன்.

"பாத்தனான். அவ்வளவு தெளியேல்ல. வெயிலும் கூடேல்ல. ராவில தரையோட ஒழுங்காப் படுத்திருக்கு. அப்ப உள்ளுக்குள்ள ஒரு பிழையும் இல்லை. மேல, வெள்ளை வட்டத்தில, முதல் நாளே ஏதோ ஒண்டு பூசி இருந்திருக்கு. அது இப்ப கொஞ்சம் கொஞ்சமாக் கழருது."

"வெள்ளை வட்டம் எண்டா… நெத்தியோ?"

"என்ன நெத்தி? அது தான் கண். அதால தான் வெளிச்சத்தைப் பாக்கிறது."

"அப்ப கீழ மினுங்கிற லைற்?"

"அது பற்றரி இருக்கோ எண்டு காட்டுறது."

எங்கட பல்கனிக்குக் கீழ ரயில் போனது. ஜன்னல் எல்லாம் கிடுகிடு எண்டு ஆடினது. நல்ல காலம். நான் ஆடினது ஒருத்தருக்கும் தெரியேல்ல.

இப்பவே சொல்லியிருக்கலாம் எண்டு நீங்கள் நினைப்பியள். நான் நினைச்சது வேற. கழருது எண்டு தானே சொல்லுறாள், கழண்டு முடியட்டும், நானும் பேசாம இருப்பம். சாமானுக்கு நாலு போட்டா என்ன, அது என்ன கலியாணம் முடிக்கப் போகுதே?

செபா குடிச்ச பிளேன்டீ

அடுத்த கிழமை செபா வீட்டை வந்தவன், தர்சினிட்டை ஏதோ பூட்டின்ர திறப்புக் குடுக்க. அவள் இன்னும் வரேல்ல. இருத்தி பிளேன்டீ ஊத்திக் குடுத்தன்.

செபா வந்தா எனக்குச் சந்தோசம். நான் பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனை. என்ர மனிசன் துறைமுகத்தில கிரேன் ஓட்டினவர். அந்தக் காலத்தில எங்கட தெருவில ஒரு பக்கம் மாதா ஊர்வலம், மற்றப் பக்கம் தேர். ரெண்டும் ஒரே நாள் வந்தா ரெண்டு சனமும் எங்கட வீட்டுக் குழாயில தான் தண்ணி குடிக்கும். செபான்ர தாய் எனக்கு இறைச்சிப் பற்றிஸ் தருவா, நான் மரக்கறி எண்டு நினைச்சுச் சாப்பிடுவன். மூண்டாவது பற்றிஸிலயும் நினைச்சுக் கொண்டு தான் இருந்தனான்.

அண்டைக்கு அவன் பகிடி விடேல்ல. ரெண்டு கையாலயும் கோப்பையைப் பிடிச்சுக் கொண்டு இருந்தவன்.

"என்னடா, மனிசியோட சண்டையே?"

"இல்லை அன்ரி. என்னை வேலையால நிப்பாட்டப் போகினம்."

"ஏன்?"

"அந்த மஞ்சள் சாமான் தான். கண்ணில எண்ணெய் பட்டிருக்காம். நான் என்ஜின் துடைச்ச துணியால துடைச்சிட்டன் எண்டு தர்சினின்ர பெரிய சேர் சொல்லுறார். அன்ரி, அது புதுத் துணி. என்ர மனிசி துவைச்சுக் காய வைச்சு, பொலித்தீன் பையில போட்டுத் தந்தது. என்ஜின் பக்கமே போகேல்ல."

"சொன்னனியோ?"

"சொன்னனான். 'அப்ப எண்ணெய் எங்கால வந்தது? மீன் கொண்டு வந்ததோ?' எண்டு கேக்கிறார். இனி வேற சுழியோடியாம்."

"நீ என்ன செய்வாய்?"

"துறைமுகத்தில கப்பல் அடி சுரண்டுற வேலை இருக்கு." கோப்பையை வைச்சிட்டு வலது காதைத் தடவினான். "அது இதை விட ஆழம். இந்தக் காதோட அவ்வளவு ஆழம் போகக் கூடாது எண்டு டொக்டர் சொன்னவர். போகத்தான் வேணும். வேற என்ன செய்யிறது?"

அவன் குடிச்ச பிளேன்டீயில நான் சீனி போட மறந்திருந்தன். அதையும் ஒண்டும் சொல்லாமக் குடிச்சு முடிச்சவன்.

அவன் போன பிறகு கோப்பையைக் கழுவினன். கழுவினதையே திரும்பக் கழுவினன். பொய் சொல்லி எத்தினை பேரை ஓட வைச்சிருக்கிறன், எல்லாரும் படியால இறங்கிப் பேந்து ஏறி வந்தவை, சிரிச்சவை. இவன் இறங்கினா ஏறி வாற படி இல்லை.

நம்ப ஆள் இல்லை

தர்சினி வந்த உடனே, செருப்புக் கழட்டவும் விடேல்ல.

"பிள்ளை, செபா இல்லை. நான் தான். அதுக்கு நான் பொட்டு வைச்சனான்."

என்னைப் பாத்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். சுவரைப் பிடிச்சுக் கொண்டு சிரிச்சாள்.

"மாமி, செபா அண்ணையைக் காப்பாத்த இப்பிடி ஒரு கதையே! பொட்டாம்!"

"சத்தியமா."

"போன மாதமும் சத்தியமா எண்டு தான் கபரகொயாவைப் பற்றிச் சொன்னனீங்கள்."

மகனிட்டைச் சொன்னன். அவன் போனை விட்டுத் தலையை எடுக்காம, "அம்மா, பாவம் தான், ஆனா வேற நல்ல கதையா ஒண்டு யோசியுங்கோ" எண்டான். ரெண்டு போட்டது பிழை. மூண்டாக்கினன்.

சாமியறைக்குப் போனன். பிள்ளையாரையும் நம்ப வைக்க ஏலாது போல இருந்தது. அவருக்கும் நான் எத்தினை தேங்காய் உடைப்பன் எண்டு சொல்லி எத்தினை உடைச்சனான்?

அடுத்த நாள் காலமை நல்ல சீலை ஒண்டு உடுத்தன். மைச் சிமிழை எடுத்தன். தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்தன். ரெண்டையும் பையில போட்டுக் கொண்டு வாசலில நிண்டன்.

"எங்க மாமி?"

"உன்ர வேலையிடத்துக்கு."

"ஐயோ!"

"கூட்டிக் கொண்டு போறியோ, நான் த்ரீவீலர் பிடிச்சு வரட்டோ? தனிய வந்தா வாசலில நிண்டு என்னெல்லாம் சொல்லுவன் எண்டு எனக்கே தெரியாது."

கூட்டிக் கொண்டு போனாள்.

இருட்டறையில ஒரு பொட்டு

பெரிய சேர் நல்ல உயரமான சிங்கள மனிசன். கண்ணாடியை நெத்தியில ஏத்தி வைச்சுக் கொண்டு கண்ணாடியைத் தேடுற சாதி. என்னைக் கண்டதும் எழும்பிக் கதிரை தந்தவர். நல்ல மரியாதை. அது தான் எனக்குக் கூடப் பயம்.

கொட்டாஞ்சேனைச் சிங்களத்தில எல்லாம் சொன்னன். மேசை, தொப்பி, நெத்தி, பொட்டு. அவர் முழுக்கக் கேட்டார். பிறகு தர்சினியைப் பாத்து, "ஆச்சி விஹிலு கரனவா" எண்டார். ஆச்சி பகிடி விடுறா எண்டு அர்த்தம். அவளும் ஓம் எண்டு தலையாட்டினாள், பாவி.

"பகிடி எண்டா பாத்திட்டுச் சிரியுங்கோ" எண்டன். "இந்தச் சாமான்ர அண்ணன் தம்பி ஆரும் இஞ்ச இல்லையோ?"

பழசு ஒண்டு இருந்தது. அலுமாரியில, வேலை செய்யிற நிலையில. பெரிய சேர் என்ன நினைச்சாரோ, கையைக் காட்டி வரச் சொன்னார். ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. சுவர் எல்லாம் கறுப்பு. ஒரு பக்கத்தில லைற், எதிர்ப் பக்கத்தில சாமானைப் பூட்டுறது. எப்பவும் ஒரே அளவு வெளிச்சம் அடிக்கிற லைற்றாம். சாமான் ஒழுங்கா வாசிக்குதோ எண்டு இதில தான் பாக்கிறது.

லைற்றைப் போட்டினம். தர்சினி நம்பரை வாசிச்சாள்.

"எண்பத்தெட்டு."

நான் சிமிழைத் திறந்தன். அதே அளவில வைச்சன். தொப்பியைப் போட்டு, அதே மாதிரி இறுக்கித் திருகினன்.

"இப்ப செபா செய்யிறதைச் செய்" எண்டன் தர்சினிட்டை.

வாளியில தண்ணி கொண்டு வந்தாள். தண்ணிக்குள்ள வைச்சே தொப்பியைக் கழட்டி, புதுத் துணியால துடைச்சு வெளியில எடுத்தாள். மூண்டு பேரும் குனிஞ்சு பாத்தம்.

பொட்டு இல்லை. தொப்பி அமத்தினதில பொட்டு நசிஞ்சு, வட்டம் முழுக்க மெல்லிசா, பழைய வெள்ளைச் சட்டை மாதிரி ஒரு மங்கல் மட்டும். உற்றுப் பாக்காட்டித் தெரியாது. மாஸ்க் போட்டுக் கொண்டு கடலுக்குள்ள நிக்கிறவனுக்கு எங்கால தெரியும்?

திரும்பப் பூட்டி லைற் போட்டினம்.

தர்சினி நம்பருக்குக் கிட்டக் குனிஞ்சாள்.

"கீயத?" எண்டார் சேர். எவ்வளவு எண்டு கேக்கிறார்.

"நாப்பத்தொண்டு."

அவர் கண்ணாடியை நெத்தியில இருந்து இறக்கிப் போட்டுக் கொண்டு கிட்ட வந்து பாத்தார். தண்ணியால இன்னொருக்காத் துடைக்கச் சொன்னார். நாப்பத்திரண்டு. சவுக்காரம். நாப்பத்தஞ்சு. நான் போத்தலை நீட்டினன். ரெண்டு துளி தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைச்சு, பிறகு சவுக்காரத்தால எண்ணெயை எடுத்து, திரும்பப் பூட்டினாள்.

"எண்பத்தெட்டு."

தர்சினி கம்பியூட்டருக்கு ஓடிப் போய் முதல் நாள் மலையையும் இப்பத்தைய மலையையும் பக்கத்தில பக்கத்தில வைச்சாள். முதல் நாளையது, இண்டைக்கு இருக்கிறதில பாதிக்குக் கிட்ட.

"ஆச்சி விஹிலு கரலா நே" எண்டார் சேர், மெல்லமா. ஆச்சி பகிடி விடேல்ல.

அப்பவே போனை எடுத்துச் செபாவுக்கு அடிச்சார். நாளைக்குக் காலமை ஜெற்றிக்கு வா, மாஸ்க்கையும் கொண்டு வா எண்டார். வைக்கப் போனார். நான் மேசையில ஒரு தட்டுத் தட்டினன்.

"மன்னிப்பு?"

என்னைப் பாத்தார். தர்சினி நிலத்தைப் பாத்தாள். அவள் வேலை செய்யிற இடத்துப் பெரிய மனிசன் எல்லோ. நான் கையை எடுக்கேல்ல. பிழை செய்தது நான் எண்டு எனக்குத் தெரியும், அதுக்குத்தான் மருமகளுக்கு முன்னால, சிங்களத்திலயும் தமிழிலயும் ரெண்டு தரம் மன்னிப்புக் கேட்டு முடிச்சனான். இனி அவற்ற முறை.

திரும்பப் போனைக் காதில வைச்சு, செபாட்டைச் சொன்னார். தமிழிலயே சொன்னார். பிழை விட்டிட்டன், மனசில வைக்காத எண்டு. அந்தப் பக்கம் செபா என்ன சொன்னவன் எண்டு கேக்கேல்ல. அவருக்குக் காது மட்டும் சிவந்தது.

என்ர நம்பர்

பிறகு சேரும் தர்சினியும் இருந்து நம்பர் போட்டினம். பொட்டு முழுசா இருந்த நாளுக்கு எல்லாம் நாலு. கழண்டு கொண்டிருந்த நாளுக்கு மூண்டு. கடைசியா, மலை வளராம ஒரே உயரத்தில நிண்ட நாளுக்கு ஒண்டு. முழுக்க வீணாப் போகேல்ல.

ஆனா பிழை எண்டு போட்டா ஏன் எண்டும் எழுத வேணுமாம். உலகத்தில ஆர் எடுத்துப் பாத்தாலும் தெரிய வேணும். தர்சினி கனநேரம் யோசிச்சு எழுதினது இது தான்: வீட்டார் ஒருவர் கண்மை பூசியது.

"என்ர பேர்?" எண்டன்.

"பேர் தேவையில்லை மாமி."

"மாமியார் எண்டாவது போடன்."

போடேல்ல. எங்கேயோ குளிர் தேசத்தில ஒரு வெள்ளைக்காரன் அதை வாசிச்சுத் தலையைச் சொறிவான். சொறியட்டும்.

வீட்டை வாற வழியில, காலிக்குப் போற பெருவீதிச் சனத்துக்குள்ள த்ரீவீலர் நிண்டு நிண்டு வந்தது. தர்சினிட்டை இருந்து ஏச்சு வரும் எண்டு காத்திருந்தன். வரேல்ல. கடைசியா நானே கேட்டன்.

"எனக்கு எத்தினை?"

"என்ன எத்தினை?"

"நம்பர்."

வெளிய பாத்துக் கொண்டு சொன்னாள். "மூண்டு."

நாலு இல்லை. நான் மனசுக்குள்ள பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் சொன்னன். இந்த முறை உடைச்சும் போட்டன்.

கொஞ்ச நாளால, தொலைஞ்சதுக்குப் பதிலா இன்னொரு சாமான் வந்தது. அண்டைக்கும் எங்கட மேசையில தான். செபா எடுத்துக் கொண்டு போக வந்தவன். தர்சினி பெட்டி தேட உள்ளுக்குப் போன நேரம், அவன் சாமானை மெல்லமாத் தூக்கி அடிப்பக்கத்தைத் திருப்பிப் பிடிச்சான்.

"அன்ரி, இஞ்ச. இதில வைச்சா ஒண்டும் செய்யாது."

"நீ வேதக்காரன் எல்லோ?"

"டேப் ஒட்டினது தானே காணாமப் போனது" எண்டான்.

அடியில, நம்பர் அடிச்சிருக்கிற இடத்துக்குப் பக்கத்தில ஒண்டு வைச்சன். சின்னனா. தர்சினி வரேக்க நாங்கள் ரெண்டு பேரும் மழையைப் பற்றிக் கதைச்சுக் கொண்டிருந்தம். அவள் சாமானைத் திருப்பினாள். பொட்டைப் பாத்தாள். தொப்பியைக் கழட்டி, வெள்ளை வட்டத்தைத் தேங்காயெண்ணெயால துடைச்சாள். சவுக்காரத்தால துடைச்சாள். வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்துத் தொப்பியைப் போட்டாள்.

"விரலைக் காட்டுங்கோ மாமி."

வலது கையை நீட்டினன். ஆள்காட்டி விரலில கறுப்பு. எண்ணெய்த் துணியை எடுத்து என்ர விரலைப் பிடிச்சு, ஒவ்வொரு ரேகையாத் துடைச்சாள். சாமானைத் துடைக்கிற மாதிரித் தான், அதே கவனமா.

"இப்ப எத்தினை?" எண்டன்.

சிரிப்பை அடக்கிக் கொண்டு சொன்னாள். "ரெண்டு."

ரெண்டு எண்டா நல்லது போலத்தான் இருக்கு, ஆனா ஒரு கண் வைச்சிரு எண்டு அர்த்தம். அவள் சரியாத்தான் போட்டிருக்கிறாள். ஏனெண்டா இடக்கையை அவள் பாக்கேல்ல. செபா குனிஞ்சு பெட்டியைத் தூக்கேக்க, அந்த வலது காதுக்குப் பின்னால ஒண்டு வைச்சிட்டன். நுளம்பு கடிக்குது எண்டு நினைச்சுத் தட்டினவன். தட்டட்டும். கடலுக்குள்ள எத்தினை தரம் இறங்கினாலும் அது லேசில போகாது.